கமர்கட் கரையும் வரை

“எம் பேரு மட்டும் வேணாங்கா. மத்ததெல்லாம் தாராளமா எழுதிக்குங்க.”

இதைச் சொல்ல அவள் வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவு ஏழு நிமிடம். பெயர் வேண்டாம் என்கிற சங்கதி முதல் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச ஆறரை நிமிடமும் அவள் நாத்தனார் வளர்க்கும் வான்கோழி, அந்த வான்கோழிக்கு வருகிற கோபம், போன வாரம் அது போஸ்ட்மேனைத் துரத்தியது, போஸ்ட்மேனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள உறவுமுறை. நான் முழுவதும் கேட்டேன். கேட்காமல் விட்டால் அடுத்த பதிவில் கேள்வி கேட்டு மடக்குவாள்.

அவள் அப்படித்தான். பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் அவளைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்த நேரங்கள்தான்.

அவள் வீடு எறையூரில், சர்க்கரை ஆலைக்குப் பக்கம். அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். “எங்க வூட்ல ஆறு பேருங்கா. ஆறு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம். டிராக்டர் சத்தத்துல பழகிட்டதால கத்தித்தான் பேசுவோம். யாராச்சும் ஒருத்தர் கேக்குறாங்களான்னு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல” என்பாள். ஒருமுறை என்னோடு பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை பஸ்ஸில் வந்தாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டின் குறுக்கே நின்றுவிட்டதால் பஸ் நகரவில்லை. நகராத அந்த நேரத்துக்குள் கண்டக்டரின் மகளை எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. முன்சீட்டு அம்மாளின் மூட்டுவலிக்கு எண்ணெய் காய்ச்சும் விதம் சொல்லப்பட்டது. பஸ் கிளம்பியதும் கண்டக்டர் அவளைப் பார்த்து, “பாப்பா, வண்டி எடுத்தாச்சு, நீ கொஞ்சம் மூச்சு விட்டுக்க” என்றார். அவள் மூச்சு விட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இப்பேர்ப்பட்டவள்தான் எங்களுக்கெல்லாம் பேசாமலிருக்கப் பயிற்சி கொடுத்தவள் என்றால் யார் நம்புவார்கள்?

நான் விக்கிரமங்கலம். அரியலூர் வந்து பஸ் மாறிப் பெரம்பலூரில் எம்.எஸ்ஸி. கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. தாள்களில் தவறி அரியர் வைத்திருக்கும் மாணவர்களுக்கு, நன்றாகப் படிக்கும் மாணவர்களே மதியத்துக்கு மேல் நூலகத்தில் சொல்லித்தர வேண்டும். சுற்றறிக்கையில் எங்களுக்கு ‘மாணவப் பயிற்றுநர்’ என்று கனமான பெயர். பேச்சில் டியூட்டர். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். பி.எஸ்ஸி.யில் வகுப்பில் முதல் மாணவி, கரும்பலகை முன்னால் நின்றால் இறங்க மனசு வராது, என்னைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

சொல்லித்தருவதற்கு முன்னால் பயிற்சி உண்டு என்றார்கள். பயிற்சியா, எனக்கா? பொறுப்பாசிரியர் எங்களை நூலகத்துக்குப் பின்னால் வாதாமரத்தடியில் உட்காரவைத்தார். “இந்தப் பொண்ணு சொல்றபடி கேட்டுக்குங்க” என்று ஒருத்தியைக் காட்டிவிட்டு, தேர்வு வேலை கிடக்கிறது என்று போய்விட்டார். பார்த்தேன். என் தோளுயரம்கூட இல்லை. பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருடம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். போன வருடம் டியூட்டராக இருந்தவர்களில் படிப்பு முடிந்து போகாமல் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதே அவளுடைய தகுதி.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. திறந்து ஆளுக்கொரு கமர்கட் கொடுத்தாள். வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டிய அதே கருப்பு உருண்டை, பெட்டிக்கடை பாட்டிலில் இருப்பதுதான். கல்லு மாதிரி இருக்கும், வாயில் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்ளும்.

“போட்டுக்குங்க. கடிக்கக் கூடாது. கடிச்சா கள்ளாட்டம். தானா கரையணும்” என்றாள்.

போட்டுக்கொண்டோம். பன்னிரண்டு பேர் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தோம்.

“இதுதாங்க டிரெய்னிங்கு. புள்ளைங்க வந்து உக்காந்ததும், ‘எங்க மாட்டிக்கிட்ட, நீயே சொல்லு’ன்னு ஒரே ஒரு கேள்வி. கேட்டதும் இதத் தூக்கி வாயில போட்டுக்கணும். இது கரையற வரைக்கும் நீங்க தலையாட்டலாம், கை காட்டலாம், பேச முடியாது. அவங்கதான் பேசியாகணும். அவ்ளோதான். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது.”

எனக்கு வந்த கோபத்தில் கமர்கட்டைக் கடித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

இந்தக் கமர்கட் வந்த கதையை அவளே சொல்வாள், ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாள். போன வருடம் அவளிடம் முதன்முதலாகப் படிக்க வந்த பெண்ணுக்குப் பிரெஞ்சுப் புரட்சியை ஒன்றே முக்கால் மணி நேரம் நடத்தியிருக்கிறாள். ராஜா தலை உருண்டது, ராணி தலை உருண்டது, இவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் அந்தப் பெண் எழுந்து, “ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. ஆனா நான் கேக்க வந்தது ரஷ்யப் புரட்சி” என்று சொல்லியிருக்கிறாள். அன்று சாயங்காலமே இவள் பழைய பஸ்ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் கடையில் போய், “பாய், வாய ஒட்டவைக்கிற மாதிரி ஏதாச்சும் மிட்டாய் இருக்கா?” என்று கேட்டு, பாட்டிலோடு கமர்கட்டை வாங்கிவந்தாள். தனக்காக வாங்கியதைத்தான் பிறகு எல்லோருக்கும் கொடுத்தாள்.

புதன்கிழமைதோறும் டியூட்டர்கள் வாதாமரத்தடியில் கூடுவோம். அது சொதப்பல் கூட்டம். அந்த வாரம் நாம் எங்கே சொதப்பினோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யார் சொதப்பல் பெரிதோ அவருக்கு முதல் வடை. கெமிஸ்ட்ரி மணிவேல் ஒருநாள் வாங்கிய வடையை நான் மறக்க முடியாது. ஒரு மணி நேரம் பென்சீன் வளையத்தை வரைந்து வரைந்து நடத்தியிருக்கிறான். எதிரே இருந்தவர் தலையைத் தலையை ஆட்டியிருக்கிறார். முடிந்ததும் விசாரித்தால், அவர் தமிழ் இலக்கிய மாணவர். வெயிலுக்கு ஃபேனுக்கடியில் உட்கார வந்தவர்.

“ஏம்ப்பா, மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?”

“நீங்க வாய்ப்பே தரலீங்களே” என்றாராம் அவர்.

மரத்தடியே சிரித்து உருண்டது. சிரித்த கையோடு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். “எனக்கும் இப்பிடித்தான் ஆச்சு” என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். மணிவேல் முகம் தெளிந்துவிட்டது. அதுதான் அந்தக் கூட்டத்தின் வேலை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. என் முறை வரும்போது, “எனக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லாத்தான் போவுது” என்பேன். வாரா வாரம் சொன்னேன்.

வாரா வாரம் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்: “பரவால்லங்க்கா. வரும்.”

எப்படி எரியும் பாருங்கள்!

என்னிடம் படித்தவள் கஸ்தூரி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருடம். துணைப்பாடமான கணக்கை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. நூற்றுக்கு நாற்பது வாங்கினால் பாஸ். அந்த நாற்பதுக்கு வழியில்லை. அப்பா இல்லாத வீடு, அண்ணன் வைத்ததுதான் சட்டம். “இந்தவாட்டியும் போச்சுன்னா காலேஜ் போதும், திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கெளம்பு” என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவன் கெட்டவனில்லை, சொன்னால் செய்கிறவன். அரியலூரிலிருந்து அவளும் நானும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வருவாள்.

நான் அவளுக்கு உயிரைக் கொடுத்து நடத்தினேன். இதில் பொய் இல்லை. கமர்கட்டை முதல் நாளே பையில் போட்டு மறந்துவிட்டேன். டிஃபரன்ஷியேஷன் என்கிற வகையீட்டை நான் நடத்திய மாதிரி அந்தக் கல்லூரியில் எவரும் நடத்தியிருக்க மாட்டார்கள். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். “புரியுதா?” என்று கேட்பேன். “புரியுதுக்கா” என்பாள். பக்கத்து மேசைப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கும்.

ஒருநாள் வரலாற்றுக்காரி வந்து எங்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு டியூட்டரையும் அப்படி ஒருநாள் பார்ப்பது வழக்கம். கையில் ஒரு நோட்டு. நான் உற்சாகமாகி இன்னும் இரண்டு கணக்கு சேர்த்துப் போட்டேன். கஸ்தூரி போனதும் நோட்டைக் காட்டினாள். அதில் எழுத்தே இல்லை. பக்கம் முழுக்கக் கோடுகள். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலே நாலு புள்ளி.

“இது என்னது?”

“நீங்க பேசுனா கோடுங்க்கா. அவ பேசுனா புள்ளி.”

“நாலு தடவதான் பேசினாளா?”

“நாலும் ‘ம்’ தாங்க்கா.” சிறிது தயங்கினாள். பிறகு சொல்லியேவிட்டாள். “கோலம் போடறப்ப மொதல்ல புள்ளி வைப்போம்ல? அப்புறந்தான கோடு. நீங்க வெறுங் கோடா இழுத்துக்கிட்டே போறீங்க.”

“உனக்குக் கணக்கு தெரியுமாடி?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. நூலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

“தெரியாதுங்க்கா. பத்தாவதுல முப்பத்தாறு. அதனாலதான் நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்காம யாரு பேசுறாங்கன்னு மட்டும் பாக்க முடிஞ்சுது.”

“வரலாறு படிக்கறவ வந்து எனக்குக் கணக்கு சொல்லித்தரக் கத்துக்குடுக்கறியா? போய் உன் மிட்டாயச் சப்பிக்கிட்டு உக்காரு” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்படியே சொன்னேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

அடுத்த இரண்டு புதன்கிழமை கூட்டத்துக்குப் போகவில்லை. கஸ்தூரியோடு மட்டும் உட்கார்ந்தேன், முன்னைவிட இரண்டு பங்கு பேசினேன். மூன்றாவது வாரம் மாதிரித் தேர்வு வந்தது. நான் போட்டுக்காட்டிய அதே வகைக் கணக்குகள்தான், எண்கள் மட்டும் வேறு. கஸ்தூரி வாங்கியது நூற்றுக்குப் பதினொன்று.

விடைத்தாளை என்னிடம் நீட்டியபோது அவள் அழவில்லை. “நீங்க போடறப்ப எல்லாம் புரியுதுக்கா. நான் போடறப்பதான் நீங்க இல்ல” என்றாள். சொல்லிவிட்டு, திருப்பூரில் அவள் சித்தி மகள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் நல்ல ஹாஸ்டலாம் என்றாள். பரீட்சைக்கு நான்கு வாரம்கூட இல்லை. அவளுடைய இரண்டு மாதத்தை நான் என் சந்தோஷத்துக்குச் செலவழித்திருக்கிறேன்.

அன்று புதன்கிழமை. வாதாமரத்தடிக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம்: வரலாற்றுக்காரி ஆரம்பித்துவிடுவாள், ‘அன்னைக்கே சொன்னனேக்கா’ என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

என் முகத்தைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு கமர்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நான் நின்றேன். அவள் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிவேலும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டான். டப்பா கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவராக வாயை அடைத்துக்கொண்டார்கள். பேச ஆளில்லாமல் போய்விட்டது, நான் ஒருத்திதான் மிச்சம்.

“பதினொன்னு” என்றேன். பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, கொட்டித் தீர்த்துவிட்டேன். நான் நடத்தினதெல்லாம் எனக்காகத்தான் நடத்தினேன், பக்கத்து மேசை பார்க்கட்டும் என்று நடத்தினேன், அவள் புரியுது என்று சொன்னால் எனக்கு மார்க் போட்ட மாதிரி இருந்தது, அவளைத் திருப்பூருக்கு அனுப்பப்போவது அவள் அண்ணன் இல்லை, நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டும் சொன்னேன். வரலாற்றுக்காரியின் கண் கலங்கியிருந்தது, பேச வேண்டும் என்று உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வாயை அடக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஆனால் கடிக்கவில்லை. முழுவதும் கரைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“வடை உங்களுக்குத்தாங்க்கா” என்றாள்.

அழுதுகொண்டே சிரித்தேன். மணிவேல் வடையை நீட்டினான். நான் கடிப்பதற்குள், “நாளைக்கு எத்தன மணிக்கு உக்காரப்போறீங்க? நான் வரவா, வேணாமா?” என்று வேலையைப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் கஸ்தூரி முன்னால் நோட்டை வைத்து, “எங்க மாட்டிக்கிட்ட, நீயே சொல்லு” என்று கேட்டுவிட்டுக் கமர்கட்டைப் போட்டுக்கொண்டேன். கஸ்தூரி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். மனசுக்குள் எண்ணினேன். அறுபது தாண்டியது. பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் பேனாவை உருட்டினாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் சொன்னாள்.

“கேட்டா சிரிப்பீங்க.”

இல்லை என்று தலையாட்டினேன்.

“டி ஒய் பை டி எக்ஸுன்னு எழுதுறோம்ல. மேலயும் டி இருக்கு, கீழயும் டி இருக்கு. ஆறாவதுலேர்ந்து மேலயும் கீழயும் ஒண்ணா இருந்தா அடின்னுதான சொல்லிருக்காங்க. அடிச்சுட்டா ஒய் பை எக்ஸ்தான மிச்சம்? அப்புறம் எதுக்குக்கா இவ்ளோ பாடுபடறோம்? நான் மனசுக்குள்ள அடிச்சுட்டே வரேன், நீங்க யாருமே அடிக்க மாட்டேங்கறீங்க. ரெண்டு வருசமா எனக்கு இதுதான் புரியல.”

கமர்கட் மட்டும் வாயில் இல்லையென்றால் சிரித்துத் தொலைத்திருப்பேன். அல்லது “அது அப்பிடி இல்லம்மா” என்று தொடங்கி, அந்தப் பிள்ளையை மறுபடியும் முக்கால் மணி நேரம் ஊமையாக்கியிருப்பேன். இரண்டு வருடப் பாடமும் அந்த ஒரு எழுத்தில் மாட்டி நின்றிருக்கிறது. நான் இரண்டு மாதம் பேசியும் அது வெளியே வரவில்லை. வெல்ல உருண்டை ஒன்று பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டது!

கரைந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நாம வர்ற பஸ்ஸு முப்பது கிலோமீட்டர ஒரு மணி நேரத்துல வருதுல்ல? அப்ப வழியெல்லாம் முப்பது வேகத்துலயேவா ஓடுது?”

“இல்லக்கா. லாரிக்குப் பின்னாடி மாட்டுனா ஊரும். லாரி ஒதுங்குனா பறக்கும்.”

“ஊர்ற அந்த நேரத்துல, சரியா அந்த எடத்துல என்ன வேகம்னு எப்பிடிச் சொல்லுவ?”

கேட்டுவிட்டு இன்னொரு கமர்கட் போட்டுக்கொண்டேன். அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டைப் பிடித்தாள். அதிசயமாக அந்த வண்டியில் வேகம் காட்டும் முள் வேலை செய்தது. பாதி வழியில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டி ஊர்ந்தோம். லாரி ஒதுங்கியது, டிரைவர் மிதித்தார். கஸ்தூரி திடீரென்று எழுந்து நின்று கத்தினாள்.

“அக்கா! முள்ளு! முள்ளப் பாருங்க்கா!”

பஸ் முழுக்கத் திரும்பியது.

“ஒய் பை எக்ஸுங்கறது மொத்தமா வந்தது. அது முப்பது. இந்த முள்ளு காட்டுறது இப்ப, இந்தத் துளி நேரத்துல வண்டி போன துளி தூரம்! அந்தத் துளிதான் டி! அத அடிக்கவே கூடாது. அடிச்சா முள்ளே போயிடும்!”

“பாப்பா, நான் வேகமாப் போவணுமா, மெதுவாப் போவணுமா? அத மட்டும் சொல்லு” என்றார் டிரைவர்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவ்வளவு சந்தோஷம்! இத்தனை வருடம் எத்தனையோ கணக்கு போட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் கிடைத்த அந்தச் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் எதுவும் வராது. பஸ்ஸிலிருந்தே வரலாற்றுக்காரிக்குப் போன் போட்டேன். வண்டிச் சத்தத்தில் டியையும் முள்ளையும் லாரியையும் ஒன்றாகக் கலந்து கத்தினேன். அந்தப் பக்கம் கேட்டுவிட்டு, “எனக்கு ஒரு எழவும் புரியலங்க்கா. ஆனா அழுகையா வருது” என்றாள்.

அதற்கப்புறம் கஸ்தூரி நின்றால் பேச்சு, உட்கார்ந்தால் பேச்சு. ஒவ்வொரு கணக்கையும் எனக்கு அவள் நடத்தினாள். புதன்கிழமை அவளையும் மரத்தடிக்குக் கூட்டிப்போனோம். மணிவேலும் மற்றவர்களும் மாணவர்களாக உட்கார்ந்து முட்டாள் கேள்வியாகக் கேட்டார்கள், அவள் பதில் சொல்லிச் சொல்லித் தேறினாள். வரலாற்றுக்காரி எதிரே உட்கார்ந்து, “எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி, நான் பத்தாவதுல முப்பத்தாறு” என்பாள். நோட்டில் புள்ளிகளாக விழுந்தன. ஒருநாள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். நட்சத்திரம் கொட்டிய மாதிரி பக்கம் முழுக்கப் புள்ளி, ஓரத்தில் சின்னதாக இரண்டு கோடு. அந்தத் தாளைக் கிழித்து வாங்கி வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது.

பரீட்சை எழுதினாள். எழுதிவிட்டு வந்து எப்படி எழுதினேன் என்று சொல்லாமலே ஊருக்குப் போய்விட்டாள். முடிவு வரும் வரை அவள் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் திருப்பூருக்கு எடுத்துப்போக ஒரு புதுப் பை வாங்கி வீட்டில் வைத்திருந்தானாம்.

முடிவு வந்த அன்று நானும் வரலாற்றுக்காரியும் பெரம்பலூர் பஸ்ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தோம். கஸ்தூரி குரும்பலூரில் தோழி வீட்டிலிருந்து பார்த்துவிட்டு நேரில் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். போனில் கேட்டதற்குச் சொல்லவில்லை. காத்திருந்த நேரமெல்லாம் இவள் பேசினாள். எதைப் பற்றி என்று கேட்காதீர்கள், பூக்கடையில் ஆரம்பித்து எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள். பயந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவாள்.

டவுன் பஸ்ஸிலிருந்து கஸ்தூரி குதித்து ஓடிவந்தாள். எங்கள் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது, போனை நெஞ்சோடு பிடித்திருந்தாள், கன்னமெல்லாம் ஈரம்.

“என்னாச்சு…” என்று வாயெடுத்தேன். இவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பையில் கைவிட்டு இரண்டு கமர்கட் எடுத்தாள். ஒன்றை என் வாயில் திணித்தாள், இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவளே சொல்லட்டும் என்று கண்ணைக் காட்டினாள்.

கஸ்தூரியால் பேச முடியவில்லை. வாயைத் திறக்கிறாள், அழுகை முந்துகிறது. மூடுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் கன்னம் உப்ப நிற்கிறோம். பஸ்ஸ்டாண்டில் போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபது. முப்பது. என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி இறுகியது.

கடக் என்று ஒரு சத்தம்.

“பாஸாடி?” என்று கத்தினாள். வாய்க்குள் கமர்கட் துண்டு துண்டாகக் கிடந்தது.

கஸ்தூரி அழுகையை நிறுத்தினாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

“கடிச்சிட்டீங்க.”

“ஆமாண்டி, கடிச்சிட்டேன். சொல்லித் தொலடி!”

“கள்ளாட்டம்க்கா. வேற போடுங்க. முழுசாக் கரையட்டும், அப்பத்தான் சொல்லுவேன்.” சொல்லும்போதே அவள் வாய் காதுவரை விரிந்துவிட்டது.

அவ்வளவு பேச்சுக்காரி மறுபேச்சுப் பேசவில்லை. இன்னொரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சிரிப்பை அடக்கித் தோள் குலுங்கியது. அரியலூர் பஸ் வந்தது, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. கண்டக்டர் கூப்பிட்டும் நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்து நின்றது.

கரைந்ததும் அவள் நாக்கை நீட்டிக் காட்டினாள். கஸ்தூரி குனிந்து நன்றாகப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, “அம்பத்தேழு” என்றாள்.